முதல் மாலை

மலேசியாவில் பண்டார் பாரு பக்கத்துத் தோட்டக் கோயிலுக்குப் பதினெட்டு வருஷமாகச் சுகுமாரன்தான் தலைவர். கொரோனாவே தன்னைப் பார்த்துப் பயந்து ஓடியதாக மைக் கிடைத்த இடமெல்லாம் சொல்லுவார். ஓடுகிற ஓட்டத்தில் அது அவர் இதயத் தசையை வீங்க வைத்துவிட்டுப் போயிருந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார் டாக்டர்.

"திருவிழா முடியட்டும்லா. முதல் மாலை வேற எவன் கழுத்துலயாவது விழவா?"

திருவிழா அன்று காலை, மனைவி ஷாமளா வழக்கம்போல் அவர் விரலில் நாடி பார்க்கும் கருவியை மாட்டினாள். பூஜ்யம் காட்டியது. பேட்டரியை மாற்றினாள். தன் விரலில் எழுபத்தாறு. அவர் விரலில் மறுபடியும் பூஜ்யம்.

"என்னங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க."

"மெஷின் ரோசாக்லா, கெட்டுப்போச்சு. என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று பட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாலை போட்ட பூசாரி, "கை என்ன தலைவரே, ஐஸ் மாதிரி இருக்கு?" என்றார். சுகுமாரன் நாற்பது நிமிஷம் பேசினார். மூச்சு விடக்கூட நிறுத்தவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

மத்தியானம் மாலையோடு வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். ஷாமளா அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

"அடுத்த வருஷமும் நான்தான் தலைவர்" என்றார் அவர்.

அந்த மாலையைக் கழற்றுவதா, அப்படியே விட்டுவிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.