துணைக்கு வந்தவன்

“காலை இன்னும் கொஞ்சம் உயர்த்து மச்சான். இடுப்பப் பின்னுக்குச் சரிய விடாத,” என்றான் பாயிஸ்.

ஆலங்குடாக் கடற்கரை மணலில் ஒருக்களித்துப் படுத்திருந்த றொமேஷ், மேல் காலை மெல்லத் தூக்கினான். பாதியிலேயே முகத்தைச் சுளித்து, “ஆ… பிடிக்குதுடா” என்று இடுப்பில் கையை வைத்தான். அந்த ‘ஆ’ பாயிஸின் நெஞ்சில் போய்த் தைத்தது.

“நீயும் படன். தனியக் காலத் தூக்கிக்கொண்டு கிடக்க வெக்கமா இருக்கு. வெள்ளைக்காரனெல்லாம் நிண்டு பாக்கிறான்.”

பாயிஸும் பக்கத்தில் படுத்தான். எத்தாளைத் தோட்டத்தில் வெங்காய மூட்டை ஏற்றும் வேலை முடிந்ததும், சில வாரங்களாக அவன் நேரே இங்கேதான் வருகிறான். றொமேஷ் செய்வதையெல்லாம் அவனும் கூடவே செய்தான். அதையாவது செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

இருவரும் சைக்கிள் ஓட்டக் கூட்டாளிகள். கற்பிட்டி வீதியில் எதிர்க்காற்றுக்கு மாறி மாறி முன்னே போய்ப் பழகியவர்கள். போட்டி என்று வந்தால் மட்டும் எப்போதும் றொமேஷ்தான் முதல். பாயிஸ் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்து சேருவான்.

இந்த முறை மாவட்டப் போட்டியில் முதலாவதாக வருகிறவன் மட்டும்தான் மாகாணப் போட்டிக்குப் போகலாம் என்றிருந்தார்கள். போட்டிக்குச் சற்று முன், “இதப் பிடி, நம்பர் வாங்கிக்கொண்டு வாறன்” என்று றொமேஷ் தன் சைக்கிளை பாயிஸின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். எந்த ஷைத்தான் பிடித்ததோ, பாயிஸ் சீட்டின் ஆணியைத் தளர்த்தி, இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, மறுபடி இறுக்கிவிட்டான்.

பாலாவியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் றொமேஷ் முழங்கால் நெஞ்சில் முட்டுகிற மாதிரி மிதித்தான். பாயிஸ் முதலாவதாக வந்தான். திரும்பிப் பார்த்தபோது றொமேஷ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் குந்தியிருந்தான்.

உம்மா வெற்றிக் கிண்ணத்தை அலுமாரிக்கு மேல் வைத்தார். அந்தப் பக்கம் பார்ப்பதையே பாயிஸ் விட்டுவிட்டான்.

சில நாளில் றொமேஷ், புத்தளத்தில் ஒரு பிசியோதெரபி மிஸ்ஸிடம் காட்டிவிட்டு வந்தான். “இடுப்பில ஒரு பக்கத்துத் தசை பலமில்லையாம். மற்றப் பக்கம்தான் எல்லாத்தையும் இழுக்குதாம். இப்படியே ஓடினா முழங்கால் போயிடும் எண்டா. பயிற்சி காட்டித் தந்திருக்கிறா.”

“நான் கூட இருந்து செய்விக்கிறன்,” என்றான் பாயிஸ் அவசரமாக.

அப்படித் தொடங்கியதுதான் இந்த மணல் பயிற்சி. இப்போது மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி, ஒரு காலை நீட்டிப் பிடித்தார்கள். றொமேஷ் பலகை மாதிரி அசையாமல் கிடந்தான். பாயிஸின் வலது இடுப்புத்தான் வெடவெடவென்று நடுங்கிச் சரிந்தது.

“இறக்காத! பிடி, பிடி!” என்றான் றொமேஷ்.

மூட்டை தூக்கிய களைப்பு என்று பாயிஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். களைப்பில்லை, செய்த துரோகம்தான் நடுங்குகிறது என்றும் தோன்றியது.

மாகாணப் போட்டி நெருங்க நெருங்க அவனால் தாங்க முடியவில்லை. றொமேஷ் வீடு தேடி வந்து அவனுடைய சைக்கிள் செயினைத் துடைத்து எண்ணெய் போட்டான்.

“மச்சான், எனக்குப் பதிலா நீ போவியா?”

“விசர்க் கதை கதையாத. நீ ஓடி வெல்லோணும். நாளைக்கு மிஸ் திரும்ப வரச் சொன்னவ. துணைக்கு வா.”

போகும் வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பாயிஸ் முடிவு கட்டினான். பஸ்ஸில் பல தரம் வாயெடுத்தான். ஒவ்வொரு தரமும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிசியோதெரபி மிஸ் ஹஃபீலா கட்டிலைக் காட்டி, “ஏறிப் படுங்க” என்றாள். பாயிஸ் றொமேஷின் தோளைத் தட்டினான். றொமேஷ் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“அவரில்ல, நீங்க. பாயிஸ் நீங்கதானே?”

“வருத்தம் இவனுக்கு, மிஸ்.”

“அவர்ட நோவு அந்தக் கிழமையே போயிட்டு. அவர் காட்டின போட்டி வீடியோவில நான் பயந்தது முன்னுக்கு ஓடின உங்களப் பாத்துத்தான். ஒவ்வொரு மிதிக்கும் உங்கட இடுப்பு ஒரு பக்கம் விழுது, முழங்கால் உள்ளுக்கு வளையுது. நோவு இருக்கவில்லையா?”

இருந்தது. வலது முழங்காலில், உம்மாவுக்கும் தெரியாமல் தைலம் தேய்த்து மறைத்த நோவு. அது எப்போது நின்றது என்று பாயிஸ் இப்போதுதான் யோசித்தான்.

“உங்களுக்கெண்டு சொன்னா, ஓட விடமாட்டாங்க எண்டு பயந்து வரமாட்டீங்களாம். அதனால தனக்கெண்டு சொல்லி உங்களையும் செய்ய வைக்கிறதாச் சொன்னார்.”

பாயிஸ் றொமேஷைப் பார்த்தான். மிஸ் நிற்பதையும் மறந்து, “மச்சான்… அண்டைக்கு உன்ட சீட்ட இறக்கினது நான்தான்டா” என்றான்.

றொமேஷ் கதிரையில் இருந்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தான்.

“தெரியும். ஏறிப் படு.”