ஞானத்தாயின் ஞாயிற்றுக்கிழமை

"பிள்ளையின்ர முதல் நன்மைக்கு வந்தனியோ, போனுக்குக் காவல் இருக்க வந்தனியோ?"

நிஷானி சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பக்கத்துக் கதிரைகளில் இருந்த அன்ரிமாருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் பலமாகவே கேட்டாள்.

யசிந்தா போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். நிஷானியின் மகள் செரினுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் அவள்தான். காலையில் மாதா கோயிலில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கியபோது பக்கத்தில் நின்றவளும் அவள்தான். இப்போது குவேக்கர்ஸ் ஹில்லில், நிஷானி வீட்டுப் பின்வளவில் விருந்து. சாப்பாடு முடிந்ததும் கேக் வெட்டு.

இரண்டு பேருக்கும் ஒரே முதியோர் இல்லத்தில்தான் வேலை. நிஷானி பெர்மனென்ட். யசிந்தா கேஷுவல். ஷிஃப்ட் பிரிக்கிற ஷெரில் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

"ரெண்டு தரம் மாட்டன் எண்டால் பிறகு என்னை மறந்து போவினம் அக்கா. போன மாசம் ஒரு கிழமை முழுக்கச் சும்மா இருந்தனான்."

"அதுக்குத்தான் பெர்மனென்ட் கேள், கேள் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? லீவு இருக்கு. வருத்தம் வந்தால் சிக் லீவு இருக்கு. ஆரும் உன்னை நினைச்ச நேரம் இழுக்க ஏலாது."

"கேஷுவல் எண்டால் மணித்தியாலக் காசு கூட. மகனுக்கு ஏதும் எண்டால் வரேல்லை எண்டும் சொல்லலாம். ஏன் எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"காசு வேணும், சுதந்திரமும் வேணும். பிறகு போனைப் பார்த்து நடுங்கிறது." நிஷானி அன்ரிமாரைப் பார்த்தாள்.

அன்ரிமார் தலையை ஆட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிலும் பாதிப்பேர் கேஷுவல்தான். அதை ஏனோ அந்த நேரம் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

போன் அடித்தது. யசிந்தா எழும்பி கராஜ் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"மூண்டு மணி ஷிஃப்டுக்கு வர ஏலுமோ எண்டு கேட்டவை. ஏலாது எண்டிட்டன்."

நிஷானிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தானே போய் இரண்டு மட்டன் ரோல்ஸ் எடுத்து வந்து அவளுடைய தட்டில் வைத்தாள். "உப்பிடிச் சொல்லப் பழகு. அவை ஆரையும் பிடிச்சுக் கொள்ளுவினம்."

கேக் மேசைக்கு வந்தது. நிஷானியின் கணவன் அன்ரன் கமெராவைத் தூக்கினான். வெள்ளை உடுப்போடு செரின் கத்தியைப் பிடித்தாள். அவளுடைய கையைப் பிடிக்க யசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள்.

மறுபடி போன்.

இந்த முறை அவள் அங்கேயே நின்று எடுத்தாள். கேட்டுக்கொண்டே நின்றாள். இடையில் ஒருக்கால் நிமிர்ந்து நிஷானியைப் பார்த்தாள்.

"ஓகே ஷெரில். ஐ வில் கம்."

சிரித்துக்கொண்டு நின்ற முகங்கள் அப்படியே மாறிப்போயின. செரின், "ஆர் யூ கோயிங்?" என்று கேட்டாள். யசிந்தா குனிந்து பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறென்று நடந்தாள்.

"காசு எண்டதும் ஞானப்பிள்ளையும் மறந்து போச்சு" என்றார் ஒரு அன்ரி.

நிஷானிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஞானத்தாய் இல்லாமல் கேக் வெட்டு. வருகிற கிழமை கோயில் வாசலில் இதுதான் கதையாக இருக்கும். விடுவிடென்று யசிந்தாவின் பின்னால் கார்வரை போனாள்.

"முதல்ல ஏலாது எண்டனி தானே. பிறகு என்ன, கூடத் தாறம் எண்டவையோ?"

"இல்லை அக்கா. வழக்கமான காசுதான்."

"அப்ப ஏன் போறாய்? எவளோ பொறுப்பில்லாமல் வேலைக்கு வராமல் நிண்டால் அதுக்கு என்ர பிள்ளையின்ர நாளோ பலி?"

யசிந்தா கார்க் கதவைத் திறந்தாள். வளவில் பைலாப் பாட்டுப் போட்டிருந்தார்கள். தெரு முனைவரை கேட்டது.

"மெதுவாக் கதையுங்கோ. அன்ரிமார் பாக்கினம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வயித்துக்குத்து எண்டு நீங்கள் காலமை சிக் லீவு சொன்ன உங்கட ஷிஃப்ட்தான் அக்கா. ஒருத்தரும் கிடைக்கேல்லையாம். நானும் மாட்டன் எண்டால், இப்ப சுகமோ, பிந்தி எண்டாலும் வர ஏலுமோ எண்டு கேக்க உங்களுக்கே போன் எடுக்கப் போறன் எண்டு ஷெரில் சொன்னவ. இந்தப் பாட்டுச் சத்தத்துக்க நிண்டு என்னெண்டு அக்கா கதைப்பீங்கள்?"