ரியோனாவின் முதல் புகார்

யு.கே.ஜி. வகுப்பில் ரியோனாவின் சக்கர நாற்காலியருகே எப்போதும் ஒரு துணை இயந்திரம் நிற்கும். அவளுக்கு ஊட்டும், நெருங்கும் பிள்ளைகளை விலக்கும். ‘இன்று பிரச்சினை எதுவுமில்லை’ என்று தினமும் வீட்டுக்குச் செய்தி அனுப்பும்.

இன்று ஒரு நாள் சோதனையாகப் பள்ளியில் அதை அணைத்துவிட்டார்கள். அது இல்லாமல் சமாளிக்காவிட்டால் ரியோனா பழைய சிறப்புப் பள்ளிக்கே திரும்ப வேண்டும். அம்மா ஜெனிட்டா வாசலிலேயே காத்திருந்தாள்.

மதியம் டீச்சர் கோபமாக வந்தார்.

“உங்க பொண்ணு முகிலன் டப்பாவுல இருந்த முட்டையப் பிடுங்கித் தின்னுட்டா. அவன் இவ ஜடையப் பிடிச்சு இழுத்துட்டான்.”

“அவளேவா எடுத்தா, மிஸ்?”

“பின்ன, நானா எடுத்துக் குடுத்தேன்? ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டேன். அந்த மெஷின் இனி இவளுக்கு வேணாம், நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லியாச்சு. இவள இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?”

வராந்தாவில் இருவரும் ஒருவருக்கொருவர் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தார்கள்.

“தண்டனை முடியட்டும் மிஸ்” என்றாள் ஜெனிட்டா. “நான் நிக்கிறேன்.”