பெரிய எழுத்தில் ஒரு சொல்

தாளின் தலையில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல். கத்தால்தோ விரலை வைத்து எழுத்துக்கூட்டினான்.

"விட்டுக்... கொடுத்தல்."

"பரவாயில்லையே," என்றார் வக்கீல் பெல்லோமோ. "ஜெயிலுக்கு வந்து உருப்பட்டவன் நீ ஒருத்தன்தான்யா."

அரசாங்கம் அமர்த்திக் கொடுத்த வக்கீல். கழுத்தில் வெயில் பட்ட புதுச் சிவப்பு. மேசை மேல் கார்ச் சாவி, பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி.

அன்று ஜூலை முப்பத்தொன்று. மறுநாளிலிருந்து நாற்பத்தாறு நாள் நீதிமன்ற விடுமுறை.

கத்தால்தோ தக்காளி பறிக்கிறவன். மேஸ்திரியின் லாரியைக் கொளுத்தினான் என்று ஏழு மாதமாக உள்ளே கிடக்கிறான். லாரி ஒயர் உரசித்தான் பற்றியது என்று தீயணைப்புக்காரர்கள் எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதை ஒரு நீதிபதி எடுத்துப் பார்த்தால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம்.

போயாக வேண்டும். ஆகஸ்ட் இருபத்தெட்டில் மகள் நுன்ஸியாவுக்கு நேப்பிள்ஸில் கப்பல். ஆஸ்திரேலியா. அங்கே போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து அவன் பார்த்ததில்லை.

"ஐயா, லீவுல நம்ம கேஸக் கேப்பாங்களா?"

"அவசரத்துக்குன்னே ரெண்டு நீதிபதிங்க லீவு போடாம உக்காந்திருக்காங்கப்பா. உள்ள இருக்கிறவன் கேஸத்தான் மொதல்ல எடுப்பாங்க." வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப இதுக்கு பதில் சொல்லு. விட்டுக்கொடுக்கச் சம்மதமா?"

எழுத்துக் கற்பதற்கு முன்பே கத்தால்தோவுக்குத் தெரிந்த சொல் அது. அதன் கீழேதான் எழுதத் தெரியாத அவன் அப்பா கையெழுத்துக்குப் பதில் சிலுவைக்குறி கீறி, ஏழு ஒலிவ மரங்களைப் பறிகொடுத்தார்.

"எதை விட்டுக்கொடுக்கணும்?"

"சட்டம் உனக்குன்னு குடுத்திருக்கிற ஒண்ணை."

"செத்தாலும் மாட்டேன்யா."

"அப்போ அத உன் கையாலயே எழுதிரு. நாளைக்கு என்னை யாரும் கேக்கக் கூடாது பாரு."

தாளின் பின்பக்கத்தில் எழுதினான். விட்டுக்கொடுக்க மாட்டேன். கீழே முழுப் பெயர். சிலுவைக்குறி போடாமல் அவன் போட்ட முதல் கையெழுத்து.

"முத்து முத்தா இருக்கு," என்று வக்கீல் அதை மடித்துப் பையில் வைத்தார். அதே தாளின் இன்னொரு பிரதியை அவன் பக்கம் தள்ளினார். "இத வச்சுக்க. படிச்சுப் பழகு."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறையில் உட்கார்ந்து படித்துப் பழகினான்.

ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நீதிமன்ற விடுமுறையைக் கைதி விட்டுக்கொடுத்தால் அவர் வழக்கு ஆகஸ்டிலேயே எடுக்கப்படும். விட்டுக்கொடுக்காவிட்டால் செப்டம்பர் பதினைந்துக்குப் பிறகு.

இன்னொரு முறை படித்தான். எழுத்து மாறவில்லை.

கதவை இரண்டு கையாலும் அடித்தான். காவலர் தொனாத்தோ வந்து பார்த்தார்.

"என்னப்பா, கதவுக்குப் பேய் பிடிச்சிருக்கா?"

"கையெழுத்துப் போடணும். இதுல. இப்பவே."

"ஆகஸ்ட்ல எடுக்கிற கேஸ் பட்டியல பன்னெண்டு மணிக்கே மூடி அனுப்பியாச்சு. கோர்ட்டு ஆபீஸ்ல இப்ப ஈ காக்கா இல்ல. உன் வக்கீலு இந்நேரம் கடல்ல கெடப்பாரு."

காவலரின் காலடிச் சத்தம் போய்விட்டது. கத்தால்தோ தரையில் உட்கார்ந்தான். தப்புத் தன்னுடையதுதான் என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். படிக்கத் தெரிந்தவன் முழுக்கப் படித்திருக்க வேண்டும்.

தாளின் அடியில் இன்னும் ஒரு வரி பாக்கியிருந்தது. பொடி எழுத்து. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து, அதையும் ஒரு எழுத்துகூடத் தப்பாமல் படித்து முடித்தான்.

கைதியோ அவருடைய வக்கீலோ, ஒருவர் கையெழுத்திட்டாலே போதும்.