சாரங்கியைக் கேட்டு வந்தவள்

உங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட எதையும் காணவில்லையா என்று அதிகாரி மறுபடியும் கேட்டார்.

அவர் கேட்டது நிரோஜினியை. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து, உடுப்புக்கூட மாற்றாமல் கொம்யூன் என்கிற நகரசபையின் அலுவலகத்துக்கு வந்திருந்தாள்.

பக்கத்துக் கதிரையில் அவளுடைய அண்ணன் மகேந்திரராசா.

அவருடைய ஆறு வயது மகள் சாரங்கி, போன மாரியிலிருந்து கோல்டிங் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு டேனிஷ் குடும்பத்திடம் வளர்கிறாள். தாய் இல்லாத பிள்ளை. முதுகில் இருந்த காயங்களைக் கண்டு, தகப்பனிடமிருந்து கொம்யூன்காரர் எடுத்துவிட்டார்கள்.

இப்போது மாமி நிரோஜினி அவளைத் தன்னிடம் தரும்படி கேட்டு வந்திருக்கிறாள்.

காரில் வரும்போதே அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார். பிள்ளை படியில் விழுந்தவள் என்று சொல்லவேண்டும். உன்னிடம் தந்தால் போதும், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

எவனோ ஒரு வெள்ளைக்காரன் எரிச்சலில் கொம்யூனுக்குப் போன் எடுத்துத் தன் குடும்பத்தைக் குலைத்துவிட்டான் என்று அவர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். தமிழ்ச் சனமும் அதை நம்பியது. பிள்ளை போன பிறகு அவருக்குச் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது நிரோஜினிதான். அவர் அந்த ஆளைத் திட்டும்போதெல்லாம் பேசாமல் கோப்பை கழுவினாள்.

அதிகாரி மெதுவாகத்தான் சொன்னார். நீங்கள் தமிழர், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கமாட்டீர்கள். அது நல்ல குணம். ஆனால் உங்களிடம் பிள்ளையைத் தந்தால், அடுத்த கிழமையே அவள் தகப்பன் வீட்டில் நிற்பாள்.

நிரோஜினிக்கு முகம் சுட்டது. காரில் நடந்த பேச்சும் அதுதானே.

அண்ணன் மேசைக்குக் கீழே அவளுடைய காலைத் தட்டினார். படிக் கதையைச் சொல்லச் சொல்கிறார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“ரெலிபோன் எடுத்தது நான்தான், அண்ணை.”

பிறகு அதையே அதிகாரிக்கு டேனிஷில் சொன்னாள். நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிப்போன அன்று, மேல்சட்டையைக் கழற்றமாட்டேன் என்று சாரங்கி அழுதாள். கழற்றிப் பார்த்த பிறகு அவளைத் தண்ணீரில் இறக்கவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் காரில் இருத்திவிட்டு, வெளியே நின்று உங்களுக்குத்தான் போன் எடுத்தேன். பெயர் சொல்லவில்லை. அன்று பயம்.

இன்று பெயரோடு வந்திருக்கிறேன் என்றாள். எங்கள் குடும்பத்தில் ஒருவரும் எதையும் காணவில்லையா என்று இனிக் கேட்கவேண்டாம் என்றும் சொன்னாள்.

அதிகாரி எதுவும் எழுதவில்லை.

மகேந்திரராசா எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நிரோஜினி நினைத்தாள். சத்தம் போடுவார் என்றும் நினைத்தாள். அவர் தன் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, இனி உன் வீட்டு வாசலுக்கும் நான் வரக்கூடாதோ என்று தமிழில் கேட்டார்.

“வாங்கோ. தேத்தண்ணி தருவன். பிள்ளையைத் தரமாட்டன்.”

என்ன பேசிக்கொண்டீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

நிரோஜினி வாய் திறக்குமுன் மகேந்திரராசாவே டேனிஷில் சொன்னார். தங்கை சொன்னதில் ஒரு சொல்லையும் அவர் விடவில்லை.