சத்தம் நிற்க வேண்டும்

"லேசாக்கூடச் சத்தம் வரக் கூடாது தாயி. கார் நாளைக்குக் காலையில கெளம்பியாகணும்."

வந்ததிலிருந்து செல்லச்சாமி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். சிவகாசி ரோட்டில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் யோகேஸ்வரிக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்தக் கார் வந்த லட்சணம் அப்படி. இன்ஜினிலிருந்து பட் பட்டென்று கிளம்பிய சத்தத்தில், எதிர் டீக்கடைக்காரர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பக்கம் புகை தெரிகிறது என்று வானத்தைப் பார்த்தார்கள். பட்டாசு ஊரில் அப்படித்தான்.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "சைலன்சர் மேனிபோல்டை இன்ஜினோட பிடிச்சிருக்கிற ஸ்டட் போல்ட்டுல ரெண்டு ஒடஞ்சிருக்குண்ணே. அந்தச் சந்துல புகை பீச்சுது, அதான் சத்தம். ஒடஞ்ச துண்டு உள்ளயே சிக்கிக் கெடக்கு. லேசுப்பட்ட வேலை இல்ல. நாளைக்கு வேற வண்டியில போகலாம்ல?"

"எம் மகளுக்கு விருதுநகர்ல வளைகாப்பு. எம் பொண்டாட்டி வள்ளித்தாய் மத்தவுக வண்டியில ஏறவே மாட்டா. நான் ஓட்டுனாத்தான் உக்காருவா. நேத்து கூட்டிட்டுக் கெளம்புனேன். எங்க ஊரு ஆனைக்குட்டத்த விட்டு வெளிய வரல, இந்தச் சத்தத்துக்குப் பயந்து எறங்கி வீட்டுக்கே நடந்துட்டா. போன வருசம் பட்டாசுக் கம்பெனியில வெடிச்சதுலேருந்து இப்படித்தான். ஆத்தா இல்லாம எம் மக எப்படி வளையலுக்குக் கைய நீட்டுவா?"

யோகேஸ்வரிக்கு மனசு இளகிவிட்டது. பானட்டுக்குள் தலையை விட்டபடியே, "வெடிச்சப்ப அக்கா உள்ளயா இருந்தாக?" என்றாள்.

பதில் இல்லை. ஐயோ, கேட்டிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உடைந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, சூடு ஆறுவதற்குள் ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னுமாக அசைத்தாள். நட்டு மட்டும் பெயர்ந்து கையோடு வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் வந்தது.

"நீயா நானான்னு பாத்திருவோம்லே!" என்று துண்டிடமே சவால் விட்டவள், "அண்ணே, அந்தச் சின்ன ஸ்பேனரை எடுங்க!" என்று குரல் கொடுத்தாள்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த செல்லச்சாமி, ரோட்டில் போகிற கம்பெனி வேன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பலமாகக் கத்தினாள். மனிதர் திரும்பவே இல்லை. கார் வைத்திருப்பவர் ஸ்பேனரைத் தொட்டால் கௌரவம் குறைந்துவிடுமாக்கும்! முணுமுணுத்தபடி அவளே போய் எடுத்துவந்தாள்.

அந்தக் கோபமும் ஒருவகையில் உதவியது. அடுத்து அடித்த நட்டு பிடித்துக்கொள்ள, துண்டு கிறீச்சென்று அசைந்து, துரு உதிர வெளியே வந்தது. இன்னொன்றும் அதே மல்லுக்கட்டுக்குப் பிறகு வந்தது. நன்றாக இருந்த பழைய ஸ்டட்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. நாளைக்கு நடுவழியில் ஒன்று உடைந்தால் அந்தப் பெண்ணின் வளைகாப்பு என்னாவது? எல்லாவற்றையும் கழற்றிப் புதுசு போட்டாள். புகை கசியாதபடி புது கேஸ்கட் வைத்து, நடுவில் தொடங்கி ஓரம்வரை ஒவ்வொரு நட்டாக இறுக்கினாள்.

சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சன்னமாக ஓடியது. பட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

செல்லச்சாமி எழுந்து வந்தார். நல்லதாக ஒரு வார்த்தை? ம்ஹூம். போனை எடுத்து வீடியோவில் மனைவியைக் கூப்பிட்டு, இன்ஜின் பக்கம் நீட்டிப் பிடித்தார்.

"நல்லாக் கேட்டுச் சொல்லு வள்ளி."

வள்ளித்தாய் கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டாள். பிறகு முகம் மலர, சத்தம் இல்லை என்று கையை ஆட்டினாள்.

யோகேஸ்வரிக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏண்ணே, இம்புட்டு நேரம் உயிரக் குடுத்து வேலை பாத்திருக்கேன். சத்தம் நின்னுருச்சுன்னு ஒங்களுக்கே தெரியலையா? அக்கா சொன்னாத்தான் நம்புவீகளா?"

அவளுடைய உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த செல்லச்சாமி, இரண்டு காதுகளையும் தொட்டுக் காட்டினார்.

"வெடிச்சப்ப உள்ள இருந்தது நான்தான் தாயி. இந்தக் கார் என்ன சத்தம் போடுதுன்னு அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."