சும்மா ஓடிய இருநூறு மணி நேரம்

இஞ்சினின் அடி போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் கறுப்பாக ஒழுகித் தட்டில் விழுந்தது.

மெக்கானிக் ஆவுடைநாயகம் அதில் விரலைத் தொட்டார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளித்தார்.

“டீசல் வாடை அடிக்கி பாய். ஆயில் கெட்டுப்போச்சு.”

சுஹைப் குனிந்து தட்டைப் பார்த்தான்.

ஒன்பது வருடம் சவூதியில், தம்மாமில் வெல்டிங் புகையைக் குடித்துவிட்டு வந்து வாங்கிய டிப்பர் அது. வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. எந்த ஆயில் ஊற்றினால் இஞ்சின் நெடுநாள் உழைக்கும், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போகத்தான் மேலகரம் பட்டறைக்கு வந்திருந்தான். வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரமுமாக நின்றான்.

“புக்குல இருபதாயிரம்னு போட்டிருக்கே அண்ணாச்சி. வண்டி பன்னெண்டுதான ஓடியிருக்கு?”

“கிலோமீட்டரப் பாக்கீயளே, மணியப் பாத்தியளா?”

ஆவுடைநாயகம் மீட்டரைக் காட்டினார். இஞ்சின் ஓடிய நேரம் எழுநூறு மணி.

“இந்த ஓட்டத்துக்கு ஐநூறு காட்டணும். மிச்சம் இருநூறு மணி நேரம் நின்ன எடத்துலயே உறுமிக்கிட்டு இருந்திருக்கு. அப்புறம் எந்த ஆயில ஊத்துனா என்ன? சாமி ஆயிலே ஊத்துனாலும் கெடத்தான் செய்யும்.”

சுஹைப் திரும்பினான். டிரைவர் பாண்டிராஜ் கையில் ஒரு துணியோடு சுவரோரம் நின்றிருந்தான். நாற்பது வயதுக்காரன். சுஹைபை விட மூத்தவன்.

“ஏலே, ஏசியப் போட்டுட்டு தூங்குதியோ?”

“கல்லு ஒடைக்குத கிரஷர்ல லோடுக்கு ரெண்டு மணி நேரம் வரிச நிக்கி மொதலாளி.”

“வரிசைல நின்னா வண்டிய அணைக்கத் தெரியாதோ?”



சுஹைப் கேபினில் ஏறினான். கதவைத் திறந்ததுமே முகத்தில் அடித்தது அந்த வாடை. திரிந்த பாலும் மூத்திரமும் கலந்த ஒரு புளித்த நாற்றம். குடித்துவிட்டு வாந்தி எடுத்திருக்கிறான். உள்ளேயே ஒன்றுக்கும் போயிருக்கிறான். இதற்கா ஒன்பது வருடம்?

இருக்கைக்குப் பின்னால் ஒரு துணிச்சுருள் கிடந்தது. இரண்டு விரலால் இழுத்தான். ஈரமாக நீண்டுகொண்டே வந்தது. சேலை. ஒரு பொம்பளையின் பழைய சேலை.

குடி மட்டும் இல்லை என்று ஆகிவிட்டது.

அருவருப்புக்கு எதையும் விசாரிக்கிற பொறுமை கிடையாது. முந்தானையின் ஈரம் அவன் வெள்ளைச் சட்டைக் கையில் பட்டது. இனி இந்தச் சட்டையோடு எப்படிப் பள்ளிவாசலுக்குள் போவது? உடம்பெல்லாம் கூச, சேலையை அப்படியே வெளியே வீசினான்.

அது ஆயில் தட்டில் போய் விழுந்தது. கறுப்பு மெதுவாக மேலேறி அதைக் குடித்தது.

“சாவியக் குடுத்துட்டு நட.”

பாண்டிராஜ் சாவியைக் கொடுக்கவில்லை. ஓடிவந்து தட்டின் முன்னால் மண்டியிட்டான். ஆறாத ஆயிலுக்குள் இரண்டு கையையும் விட்டுச் சேலையை எடுத்துப் பிழிந்தான். பிழியப் பிழியக் கறுப்புதான் வந்தது. முழங்கை வரை வழிந்தது.

“தொட்டில் கட்டுத சேல மொதலாளி.”

ஆவுடைநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

“கிரஷர்ல தூசி அள்ளுத பொம்பளைக்கு ஏழு மாசப் புள்ள. கல்லு ஓடுத பெல்ட்டுக்கு அடியிலயே போட்டு வச்சிருந்தா. தூசியில இருமி இருமி ஒதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. நம்ம கேபின்ல கட்டிப் போட்டு, கண்ணாடிய ஏத்தி ஏசியப் போட்டா நல்லா ஒறங்குது. அணைச்சா முழிச்சுக்கிடுது. ஒங்ககிட்ட கேக்காமச் செஞ்சது தப்புதான்.”

“யாரு அந்தப் பொம்பள?”

“பேரு கேக்கல மொதலாளி.”

கறுத்த கையைத் துணியில் துடைத்துவிட்டு, பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான்.

சுஹைப் வாங்கவில்லை. சட்டைக் கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனான். அதே வாடைதான். குழந்தை கக்கிய பால். குழந்தையின் மூத்திரம்.

அவன் மகள் ஷிஃபா பிறந்தபோது அவன் தம்மாமில் இருந்தான். அவள் கவிழ்ந்ததையும் தவழ்ந்ததையும் செல்போனில்தான் பார்த்தான். ஊருக்கு வந்து முதல்முறை தூக்கியபோது அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது; அவள்மேல் பவுடர் வாசனைதான் அடித்தது.

செல்போனில் எல்லாம் தெரிந்தது. வாடை மட்டும் வரவில்லை.

இப்போதும் அவனுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் கேபினைப் பார்த்து இல்லை.

“நல்ல ஆயிலா ஊத்துங்க அண்ணாச்சி,” என்றான். “இனி கிலோமீட்டரப் பாக்காண்டாம், மணியப் பாத்து மாத்துங்க. இந்த வண்டி நின்னு ஓடுத வண்டி.”

பாண்டிராஜின் கை நீட்டியபடியே இருந்தது. சுஹைப் அதைச் சாவியோடு சேர்த்து மூடிவிட்டான். சுஹைபின் உள்ளங்கையும் கறுத்தது.

பிறகு பட்டறைக்கு வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டான்.

“ஒன் பழைய பருத்திச் சேல ரெண்டு எடுத்து வை. வந்து வாங்கிக்கிடுதேன்.”

“எதுக்கு?” என்றாள் அவன் மனைவி ஷஹானா. “வண்டி தொடைக்கவா?”



“கிழிசல் இல்லாததாப் பாத்து எடு,” என்றான்.